மூக்குக்கு இல்லாத வடிகட்டி

மீத்தேனுக்கு மணம் கிடையாது. தோட்டத்தில் வளர்ந்தவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். “அப்போ அந்த ஆலைக் குளத்துல நாறுறது என்ன தம்பி?” என்று கேட்பார்கள். அங்கே நாறுவது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை வாடை என்று பள்ளி ஆய்வுக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களே, அதே வாயு. செம்பனை ஆலையின் கழிவுநீர்க் குளத்திலிருந்து மேலெழும் குமிழியில் மீத்தேன் ஏறக்குறைய 60 விழுக்காடு. ஹைட்ரஜன் சல்பைடு ஒரு விழுக்காடுகூட இருக்காது. விலைபோவது மீத்தேன். பூமியைச் சூடாக்குவதும் அதுதான். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு. மூக்குக்குத் தெரிவதோ மற்றது. அதற்கு விலையும் இல்லை, பருவநிலைக் கணக்கேட்டில் இடமும் இல்லை.

நான் பயோகேஸ் துறையில் பொறியியலாளன். ஜாசின், அலோர் காஜா, அப்படியே ஜொகூர் எல்லை தாண்டி என ஆலை ஆலையாகப் போய்க் குளங்களையும் எஞ்சின்களையும் பார்ப்பது என் வேலை. இந்த இரண்டு வாயுக்களில் எதை எண்ணுகிறோம், எதை எண்ணாமல் விடுகிறோம் என்பது கொஞ்ச காலமாக என்னை உறுத்துகிறது. துறை நண்பர்களிடம் பேச்செடுத்தால், “அது டெக்னிக்கல் விஷயம்டா” என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

குளத்தைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ஒரு டன் செம்பனைக் குலையை ஆவியில் வேகவைத்துப் பிழிந்தால் ஏறக்குறைய 0.65 கன மீட்டர் கழிவுநீர் வரும். 80, 90 பாகைச் சூட்டில், பழுப்பாக, கூழ் மாதிரி இருக்கும். 95 விழுக்காடு தண்ணீர்தான். மீதி பழச்சதை, நார், எண்ணெய்த் துளி. விஷம் எதுவும் கலப்பதில்லை. ஆனால் அதை அப்படியே ஆற்றில் விட்டால், அதைத் தின்ன வரும் நுண்ணுயிர்கள் ஆற்றின் ஆக்சிஜனையெல்லாம் குடித்துவிடும், மீன் செத்து மிதக்கும். அறுபதுகள், எழுபதுகளில் மேற்குக்கரை ஆறுகள் பலவற்றுக்கு இந்த நிலை வந்தது. 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977-இல் செம்பனை ஆலைகளுக்கென்றே விதிகள் வந்தன. ஆற்றில் விடும் நீரின் உயிர்வேதியியல் ஆக்சிஜன் தேவை 1978-இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும் என்று தொடங்கி, ஆண்டுக்காண்டு இறக்கி, 1984-இல் 100 என்று நிறுத்தினார்கள். ஆலையிலிருந்து வெளிவரும்போது அது 25,000 அளவில் இருக்கும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அந்த விதியின் கடுமை புரியும். நம் நாட்டில் உண்மையிலேயே வேலை செய்த சட்டங்களில் ஒன்று அது.

ஆலைகள் அந்த 100-ஐ எட்டக் கண்டுபிடித்த மலிவான வழிதான் குளம். ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகக் குளங்கள். முதலில் ஆறவைக்க ஒன்று, புளிக்கவைக்க ஒன்று, பிறகு காற்றில்லாமல் நுண்ணுயிர்கள் தின்பதற்கு ஆழமான சில, அதன்பின் ஆழம் குறைந்தவை, கடைசியில் பச்சையாகப் பாசி படர்ந்த ஒன்று. எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று மாதம். கடைசிக் குளத்திலிருந்து வழியும் நீர் ஆற்றுக்குத் தீங்கில்லாததாகிவிடும். அழுக்கு எங்கே போனது? பெரும்பகுதி குமிழியாக மேலே போய்விட்டது. சட்டம் ஆற்றைப் பார்த்தது. காற்று யார் கணக்கிலும் வரவில்லை. ஆறு தெளிந்த அதே ஆண்டுகளில் குளத்தோரத்து லயங்களில் சன்னலைச் சாத்திவைத்துச் சோறு தின்னும் பழக்கம் வந்தது.

இது மலாக்காவுக்கு வெளியேயும் நடந்த கதைதான். ஆனால் ரப்பர்த் தோட்டம் என்கிற ஏற்பாடு இங்கிருந்துதான் கிளம்பியது. 1896-இல் டான் சாய் யான் என்ற மலாக்கா சீனர் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசஹானில் இன்னும் பெரிதாக. பால்மரத்தோடு நம் ஆட்கள் வந்தார்கள். வாடையும் கூடவே வந்ததாகத்தான் சொல்லவேண்டும். ஒட்டுப்பால் மூட்டை எப்படி நாறும் என்பதை மரம் வெட்டியவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்; கையிலிருந்து வாடை போகாமல் கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரக் கூச்சப்பட்ட கதை எங்கள் குடும்பத்திலேயே உண்டு. பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது அந்த வாடை போய் இந்த வாடை வந்தது. ஒரு பாட்டியிடம் கேட்டேன், இத்தனை வருஷம் எப்படித்தான் இருந்தீர்கள் என்று. “பழகிப்போச்சுய்யா. வெளியூர்லேர்ந்து வர்றவங்க மூக்கப் பொத்துறப்பதான் எங்களுக்கே ஞாபகம் வரும்” என்றார்.

‘பழகிப்போச்சு’ என்பதை ஆலை நிர்வாகங்கள் சம்மதமாகப் படிக்கின்றன. “இதுவரை ஒரு புகார்கூட வந்ததில்லை” என்று ஆண்டறிக்கை மொழியில் சொல்வார்கள். அமர்த்தியா சென் இதை வேறு சூழலில் எழுதியிருக்கிறார்: நீண்ட காலம் இல்லாமையில் இருப்பவர்கள் உயிர்வாழ்வதற்காகத் தங்கள் ஆசைகளையே சுருக்கிக்கொள்கிறார்கள், ஆகவே அவர்கள் முறையிடாமலிருப்பதை வைத்து அவர்களுக்குக் குறையில்லை என்று முடிவுகட்ட முடியாது. ஹைட்ரஜன் சல்பைடு விஷயத்தில் இது உடம்பிலேயே நடக்கிறது என்பது ஒரு விசித்திரம். மிகமிகக் குறைந்த அளவிலேயே அது மணக்கும். ஆனால் பத்து லட்சத்தில் நூறு பங்கு, அதாவது 100 பிபிஎம் அளவைத் தொட்டால் மூக்கு மரத்துவிடும். வாடை நின்றுவிட்டது என்று நினைக்கிற நொடிதான் ஆபத்தான நொடி. பாதுகாப்புப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லித்தரும் பாடமே இதுதான்: மூக்கை நம்பாதே, மீட்டரைப் பார்.

இனி எஞ்சின் கதைக்கு வருகிறேன்.

2000-களில் குளங்களை மூட ஆரம்பித்தார்கள். கறுப்பு நிற தடித்த பிளாஸ்டிக் விரிப்பை ஆழமான குளத்தின் மேல் இழுத்துக் கட்டினால் உள்ளே சேரும் வாயுவில் அது பலூன்போல் உப்பும். ஒரு கன மீட்டர் கழிவுநீரிலிருந்து சுமார் 28 கன மீட்டர் வாயு கிடைக்கும். மணிக்கு 45 டன் குலை அரைக்கும் ஆலை நாளுக்கு இருபது மணிநேரம் ஓடினால், என் கணக்கில் ஒன்றரை மெகாவாட் மின்சாரம். மாதம் 300 யூனிட் செலவழிக்கிற வீடுகள் என்றால் மூவாயிரத்துக்கும் மேல். நாற்றக் குளத்திலிருந்து இவ்வளவா என்று முதல் தடவை கணக்குப் போட்டபோது எனக்கே புல்லரித்தது. இன்றைக்கும் இந்த வேலையில் எனக்குப் பிடித்த விஷயம் அதுதான்.

ஆனால் அந்த வாயுவை நேராக எஞ்சினுக்குள் விட முடியாது. அதிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு 2,000 பிபிஎம் வரை போகும். எரியும்போது அது கந்தக டைஆக்சைடாகி, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, எஞ்சின் எண்ணெயைக் கெடுத்து, பேரிங்கை அரித்துவிடும். ஆகவே எஞ்சினுக்கு முன்னால் ஓர் உயரமான கோபுரம் நிற்கும். அதற்குள் கந்தகத்தைத் தின்னும் பாக்டீரியாக்கள். வாயு அதன் வழியே ஏறி இறங்கி வரும்போது 200 பிபிஎம்முக்குக் கீழே போயிருக்கும். அங்கே ஒரு மீட்டர் இருபத்துநான்கு மணிநேரமும் அளந்துகொண்டிருக்கும். எண் ஏறினால் மணி அடிக்கும், என் கைப்பேசிக்குச் செய்தி வரும், ராத்திரி இரண்டு மணியானாலும் எழுந்து போகவேண்டும்.

அதாவது, அந்த வாயு குளத்திலிருந்து மேலெழுந்து மனிதர்கள் இருக்கிற பக்கம் போன முப்பது நாற்பது ஆண்டுகளில் யாரும் அதை அளக்கவில்லை, வடிகட்டவில்லை. எஞ்சின் வந்ததும் கோபுரம் வந்தது, மீட்டர் வந்தது, ராத்திரியில் எழுந்து ஓட ஒரு பொறியியலாளனும் வந்தான்.

இதைப் படிக்கும் வேதியியல்காரர்கள் உடனே மறுப்பார்கள், நியாயம்தான். மூடிய குளத்துக்குள் இருக்கும் 2,000 பிபிஎம்மையும் திறந்த குளத்தின் காற்றில் கரைந்து லயத்துக்கு வரும் வாடையையும் ஒப்பிடக்கூடாது. லயத்துக்கு வருவது பல்லாயிரம் மடங்கு நீர்த்தது. சரி. ஆனால் மனிதனுக்கான எல்லையும் எஞ்சினுக்கான எல்லையும் ஒன்றல்லவே. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி 24 மணிநேரச் சராசரியாகக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 150 மைக்ரோகிராம் என்கிறது. அது ஏறக்குறைய 0.1 பிபிஎம். வாடையால் மக்கள் அவதிப்படாமலிருக்க அரைமணிநேரச் சராசரி 7 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது. எஞ்சினைவிட மனிதன் ஆயிரக்கணக்கான மடங்கு மென்மையான இயந்திரம். லயத்துக் காற்று அந்த எல்லைக்குள்தான் இருந்தது என்று சொல்ல யாரிடமாவது பதிவு இருந்தால் நான் ஒத்துக்கொள்கிறேன். பதிவே இல்லை என்பதுதான் என் பேச்சு.

குளங்களை மூடியதற்குப் பின்னாலிருந்த கணக்கும் கவனிக்கத்தக்கது. கியோட்டோ ஒப்பந்தத்தின் கீழ் ‘தூய மேம்பாட்டு முறை’ என்று ஒன்று இருந்தது. வளரும் நாட்டில் ஓர் ஆலை தன் மீத்தேனைப் பிடித்து எரித்தால் அதற்குக் கரிமச் சான்றிதழ் கிடைக்கும். பணக்கார நாடுகள் அதை வாங்கும். மலேசிய செம்பனை ஆலைகள் பல இதில் சேர்ந்தன. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இந்தப் பணம் இல்லாவிட்டால் நான் இதைச் செய்திருக்கமாட்டேன் என்று நிரூபிக்கவேண்டும். கொஞ்சம் நின்று யோசித்தால் தலைசுற்றும். தானாகவே நல்லது செய்யக்கூடியவனுக்குக் காசு கிடையாது. சட்டத்துக்குப் பணிந்து செய்பவனுக்கும் கிடையாது. ‘கொடுக்காவிட்டால் தொடர்ந்து கெடுப்பேன்’ என்று ஆவணம் காட்டுபவனுக்கே காசு. பக்கத்து வீட்டுக்காரர் தினமும் நம் வாசலில் குப்பை கொட்டுகிறார். நிறுத்தச் சொன்னால் சம்பளம் கேட்கிறார். சம்பளத்தை வேறு ஊரிலிருக்கிற ஒருவர் கொடுக்கிறார், தன் ஊரில் தான் கொட்டும் குப்பையைத் தொடர்வதற்காக. வாசலில் இருந்தவர்களுக்கு இந்தப் பேரத்தில் நாற்காலிகூட இல்லை.

ஆனாலும் நான் இதை முற்றாக நிராகரிக்கமாட்டேன். காசு வந்ததால்தான் சில குளங்கள் மூடப்பட்டன. 2012 முடிவில் சான்றிதழ் விலை ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்தபோது அந்த வேகமும் விழுந்தது. 2010-இன் பொருளாதார உருமாற்றத் திட்டம் 2020-க்குள் எல்லா ஆலைகளிலும் பயோகேஸ் வேண்டும் என்று இலக்கு வைத்தது, பாதிகூட எட்டவில்லை. 2014 முதல் புதிய ஆலைகளுக்கும் விரிவாக்கம் கேட்கும் ஆலைகளுக்கும் மீத்தேன் பிடிப்பு கட்டாயமானது. பழைய ஆலைகளுக்கு அந்த நெருக்கடி இல்லை. அறம் மட்டும் போதுமென்றால் 1984-லேயே மூடியிருப்பார்கள். பணத்தோடு வந்த நன்மையும் நன்மையே. எனக்குள்ள சிக்கல் அந்த நன்மை யாருடையது என்பதில்.

திறந்து கிடந்தவரை குளம் எல்லாருக்கும் பொது. காற்று அடித்த பக்கம் இருந்தவர்களுக்கெல்லாம் பங்கு கிடைத்தது. மூடிய மறுநாளே அது சொத்தாகிவிட்டது. வேலி, பூட்டு, ‘டிலாராங் மாசோக்’ பலகை. ஜான் லாக் சொன்னதுபோல் உழைப்பைக் கலப்பதால் ஒரு பொருள் சொந்தமாகிறது என்றால், இந்த வாயுவில் உழைத்தது பாக்டீரியா. அதற்கு முன்னால் உழைத்தது குலை வெட்டியவர், பழம் பொறுக்கியவர். கம்பெனி கலந்தது முதலீடு. முதலீட்டுக்கு இலாபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பயோகேஸ் கூடத்துக்கு ஆகும் செலவை அறிந்தவன் அப்படிப் பேசமாட்டான். ஆனால் நட்டத்தில் பங்கு கொடுத்தவனுக்கு இலாபத்தில் வாயே திறக்க உரிமையில்லை என்பது எந்த வியாபாரத்திலும் இல்லாத வழக்கம்.

பாசியைப் பற்றி இதுவரை ஒரு வரிதான் சொன்னேன். என் இறுதியாண்டு ஆய்வே பாசியில்தான். கடைசிக் குளத்துப் பச்சைத் தண்ணீரை வடிகட்டி, அரைத்த வெறுங்குலை நாரோடு கலந்து எவ்வளவு வாயு வரும் என்று பார்ப்பது. பாசியைத் தனியாகப் போட்டால் சரிவராது. 1957-லேயே கலிபோர்னியாவில் கோலூக்கியும் ஆஸ்வால்டும் செய்துபார்த்திருக்கிறார்கள். பாசியின் செல் சுவர் பாக்டீரியாவுக்கு எளிதில் மசிவதில்லை. அதோடு பாசியில் நைட்ரஜன் அதிகம். அம்மோனியா சேர்ந்து, மீத்தேன் தரும் நுண்ணுயிர்களையே அமுக்கிவிடும். வெறுங்குலையில் தலைகீழ், கார்பன் அதிகம், நைட்ரஜன் குறைவு. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். அழகான ஏற்பாடு. சிக்கல் அறுவடையில். ஒரு லிட்டர் குளத்துநீரில் பாசி ஒரு கிராம்கூடத் தேறாது. அதைப் பிரித்தெடுக்கிற மின்சாரத்தைக் கணக்கில் சேர்த்தால் முகம் வாடிவிடும்.

ஆனாலும் பாசி என்றால் எல்லாருக்கும் பிடிக்கும். எங்கள் ஆய்வு விளம்பரத்தாளில் பச்சைநிறக் குப்பியைத்தான் பெரிதாகப் போட்டோம். வருகிற விருந்தினர்களைக் கடைசிக் குளத்தருகே நிறுத்தித்தான் படம் எடுப்பார்கள். வாடை இல்லை, தும்பி பறக்கும். குளவரிசையின் இந்த முனை படத்துக்கு, அந்த முனை லயத்துக்கு. எதிர்காலத் தொழில்நுட்பத்தின் கவர்ச்சியில் ஒரு வசதி இருக்கிறது. அது நேற்று யாருக்கும் எதையும் செய்யவில்லை. யாரிடமும் கடன்படவில்லை. பாசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்வரை முதல் குளத்தைப் பற்றிப் பேசவேண்டியதில்லை.

வெறுங்குலையிலும் ஒரு கேள்வி உண்டு. அதைச் செம்பனையின் அடியில் பரப்பினால் மண்ணுக்கு உரம். வாயுவாக்கினால் காசு. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா 1945-இல் சிறையிலிருந்து எழுதிய ‘நிலைத்திருக்கும் பொருளாதாரம்’ நூலில் இயற்கையின் பொருளாதாரங்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறார். முதல் இரண்டும் திருப்பிக் கொடுக்காமல் எடுப்பவை, கடைசி வகை பிரதிபலன் பார்க்காமல் கொடுப்பது, குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவைபோல. எடுத்ததில் எவ்வளவு திரும்பிப் போகிறது என்பது அவருடைய அளவுகோல். இந்த விஷயத்தில் என் துறைக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கலாம். வாயு போனபின் மிஞ்சும் சேற்றில் நைட்ரஜனும் பொட்டாசியமும் அப்படியே இருக்கின்றன. அதை மண்ணுக்குக் கொடுக்கலாம், கொடுக்கவும் செய்கிறார்கள். மண்ணுக்குத் திரும்பிப் போகிறது. மனிதருக்கு?

இங்கே ஒரு முடிச்சு விழுகிறது. திருப்பிக் கொடுப்பதென்றால் யாருக்கு? அந்த வாடையில் பிள்ளை வளர்த்தவர்கள் பெரும்பாலும் இப்போது அங்கே இல்லை. மலாக்கா டவுனைச் சுற்றியுள்ள தாமான்களில் இருக்கிறார்கள், பலர் இறந்துவிட்டார்கள். லயத்தில் இப்போது இருப்பவர்கள் வங்காளதேசிகள், இந்தோனேசியர்கள், நேப்பாளிகள். கடன் கொடுத்தவர் ஊரைவிட்டுப் போய்விட்டால் கடன் தீர்ந்துவிடுமா? நம்மவர்கள் கூடும் இடங்களில் இந்தப் பேச்சு ‘நம்ம இரத்தம், நம்ம வேர்வை’ என்று தொடங்கி, இன்று அங்கே இருப்பவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் முடியும். அதில் எனக்கு உடன்பாடில்லை. இந்தக் கடன் இனத்தோடு போகவில்லை, இடத்தோடு கிடக்கிறது. காற்றடிக்கும் பக்கம் இன்று யார் படுத்துறங்குகிறாரோ அவரிடம்தான் வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது.

நம் வரலாற்றில் இதற்குப் பாதி முன்மாதிரி உண்டு. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது 1960-இல் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துக் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். உழைக்கிற இடத்தில் எனக்கும் பங்கு என்ற எண்ணம் அது. அந்தப் பங்கு வாங்குபவர் நிரந்தரமாக இங்கே இருப்பார் என்று அது நம்பியது. மூன்றாண்டு பெர்மிட்டில் வந்தவருக்கு என்ன பங்கு என்று அதில் பதில் இல்லை.

பங்கு என்ற பெரிய வார்த்தையை விட்டுவிடுவோம். ஆலைகள் பல மின்கம்பி எட்டாத தூரத்தில் இருக்கின்றன. அங்கே எஞ்சின் வைப்பதில்லை. பிடித்த வாயுவை உயரமான குழாயில் சும்மா எரித்துவிடுகிறார்கள். கரிமக் கணக்கில் அதுவும் வெற்றிதான். இராத்திரி முழுக்க அந்தச் சுடர் எரியும். அதற்கு அரைக்கல் தூரத்தில் ஆட்கள் 14 கிலோ கேஸ் தோம்பை மானிய விலை 26 வெள்ளி 60 காசு கொடுத்து, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கன மீட்டர் ஆலைக் கழிவுநீர் தரும் வாயுவின் சூடு கிட்டத்தட்ட ஒரு தோம்புக்குச் சமம். ஒன்றரை டன் குலைக்கு ஒரு தோம்பு. சுத்திகரிக்காமல் வீட்டுக்குள் விடக்கூடாது, அழுத்தம் போதாது, குழாய் போடவேண்டும் என்ற எல்லாத் தடைகளும் எனக்குத் தெரியும். 1897-இலேயே பம்பாய் மாத்துங்காவில் தொழுநோயாளர் இல்லத்தில் கழிவுவாயுவில் விளக்கேற்றினார்கள். இந்தியக் கிராமங்களில் சாண எரிவாயு அடுப்புகள் எத்தனையோ பத்தாண்டுகளாக எரிகின்றன. செய்யமுடியாத காரியமில்லை, கேட்க ஆள் இல்லாத காரியம்.

அதுவும் தூரமென்றால் இன்னும் சிறிதாக ஒன்று. எஞ்சினுக்கு முன்னால் இருக்கிற மீட்டரைப்போல் ஒன்றை லயத்துச் சுவரில் மாட்டுவது. போன வருஷம் ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னேன். எந்த ஆலை என்பது வேண்டாம். “அது நம்ம ஸ்கோப்ல இல்ல பா” என்றார் ஒருவர், கோபமில்லாமல்தான். இன்னொருவர் உண்மையான அக்கறையோடு கேட்டார்: “சரி, மாட்டிட்டோம். எந்த நம்பர்ல அலாரம் வைப்பீங்க?”

எஞ்சினுக்கு 200 என்று கையேட்டில் இருக்கிறது. வேலியின் உள்ளே எட்டுமணிநேரம் வேலை செய்பவருக்கு 10 என்று 2000-ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறது. வேலிக்கு வெளியே, இருபத்துநான்கு மணிநேரமும் அங்கேயே சமைத்து, துணி உலர்த்தி, தூங்குகிறவருக்கு 0.1 என்றேன். மேசையில் கொஞ்சநேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், அவ்வளவு குறைவாக அளக்கிற மீட்டர் நம்மிடம் இல்லையே என்றார்.